தொண்ணூற்றைந்து சதவீதத் தள்ளுபடி

ஆடித் தள்ளுபடியில் நான் புடவை எடுப்பதில்லை. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், டாக்டர். வரட்டும். என் வீட்டுக்காரர் ஏன் பேசுவதில்லை என்று கேட்டீர்கள். அதை இங்கிருந்து தொடங்கினால்தான் ஒழுங்காகச் சொல்ல முடியும். அவர் வெளியிலேயே உட்கார்ந்திருக்கட்டும்.

எங்கள் கடையில் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அலமாரியிலிருந்து எடுத்து விரித்துக் காட்டும் புடவையை ஒரு அம்மா புறங்கையால் தடவிப் பார்ப்பார். அதே புடவை ஆடிக்குக் குவியலில் விழுந்தால், அதே அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்து, உதறி, எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போவார். ஆவணியில் அதை மறுபடி அலமாரியில் அடுக்கிப் பழைய விலையைச் சொன்னால், "இதுவா? குவியல்ல கெடந்துச்சே" என்று உதட்டைப் பிதுக்குவார். அதனால் அப்பா நல்ல பட்டுப் புடவையைக் குவியலுக்கு அனுப்பவே மாட்டார்.

என் வீட்டுக்காரர் சித்தார்த்தன் வீடியோ கேம் செய்கிறவர். மயிலாப்பூர் வீட்டின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வருஷக்கணக்காக ஒரே ஒரு கேம். மழைமூட்டத்தில் ஒரு படகு. கரை தெரியாது. காதில் விழும் சத்தத்தை வைத்தே கரை சேர வேண்டும். அதற்காக விடியலில் நொச்சிக்குப்பம் போய் மீன் விற்கிற பெண்களின் குரலையெல்லாம் பதிவு செய்துகொண்டு வருவார். நன்றாக இருந்ததா என்றால், இருந்தது. விளையாடிவிட்டு நானே அழுதேன்.

முழு விலைக்குத்தான் விற்றார். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர், ஆனால் பக்கம் பக்கமாகப் பாராட்டி எழுதினார்கள். அதைப் பார்த்துப் பெங்களூரில் ஒரு கம்பெனி அடுத்த கேமுக்குப் பணம் போட முன்வந்தது. குடும்பத்தோடு அங்கேயே வந்துவிட வேண்டும் என்றார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. நான் ஒரே பெண். அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு. "மாப்பிள்ளை கல்லாவுல வந்து ஒக்காந்தா நிம்மதியாக் கண்ண மூடுவேன், ஸ்வர்ணம்" என்று தினமும் புலம்புவார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

இவரிடம் சொல்லிப் பார்க்காமல் இல்லை. "கடைக்கு ஆள் வெச்சுக்கலாம் ஸ்வர்ணா. இது என் உயிர்" என்றார். உயிர் என்று சொல்கிறவரிடம் அதற்குமேல் என்ன பேசுவது?

வரி, வங்கி எல்லாம் நான்தான் பார்த்தேன். அதனால் கேம் விற்கும் இணையக் கடையில் விலையை மாற்றும் உரிமையும் என் கையில் இருந்தது. ஒப்பந்தம் பேச அவர் பெங்களூர் போன வாரம், தொண்ணூற்றைந்து சதவீதம் தள்ளுபடி போட்டேன். ஒரு டீ விலை. கை தவறிவிட்டது என்று அவரிடம் சொன்னது பொய். உட்கார்ந்து யோசித்து, என்ன ஆகும் என்று தெரிந்தே போட்டேன்.

பிய்த்துக்கொண்டு விற்றது. வாங்கியவர்களில் பாதிப்பேர் திறக்கவே இல்லை. "டீக் காசுக்குக் கீதேன்னு வாங்கிப் போட்டேன் மச்சி, இன்னும் தொறக்கல" என்று ஒருவன் எழுதினான். "முழு வெல குடுத்த நான் இன்னா லூசா?" என்று திட்டினான், முன்பு பாராட்டிய ஒருவன். திறந்தவர்களுக்கும் கடலில் கொஞ்ச நேரம் காத்திருக்கப் பொறுமையில்லை. முழு விலை கொடுத்தவன் கரை தென்படும்வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீ விலை கொடுத்தவன், இந்த விலைக்குப் பரவாயில்லை என்று மூடிவிட்டுப் போனான். மறுபடி பழைய விலைக்கே ஏற்றியதும், "அடுத்த ஆஃபர் எப்போ?" என்ற கேள்வி மட்டும்தான் வந்தது. பெங்களூர்க்காரர்கள் நாசூக்காகக் கைவிரித்தார்கள். டீ விலைக்கு விற்றவருடைய அடுத்த கேமை முழு விலைக்கு யார் வாங்குவார்கள்?

கடைக்கு வந்துவிட்டார். கல்லாவில் உட்கார்கிறார், பில் போடுகிறார், நேரத்துக்குச் சாப்பிடுகிறார். பேச்சு மட்டும் நாளுக்கு நாள் குறைந்தது. புருஷன் வாயை மூட மாட்டானா என்று எத்தனை பெண்கள் ஏங்குகிறார்கள். நான் யாரையும் கொன்றுவிடவில்லை. அப்பாவைக் காப்பாற்றினேன், குடும்பத்தைக் கலையாமல் வைத்தேன். மறுபடி அந்த நிலைமை வந்தாலும் இதையேதான் செய்வேன்.

செய்தும்விட்டேன். கடைக் கம்ப்யூட்டரில் ஸ்டாக் பார்த்தபோது ஒரு கேம் கண்ணில் பட்டது. மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருக்கிறார். சின்னதுதான். எங்கள் சமையலறை, அடுப்பு, பக்கத்தில் நான். காப்பி குடிக்கக் கூப்பிடுகிறேன். யாருக்கும் விற்பதற்காகச் செய்ததில்லை, விலையே போடவில்லை. விலை இல்லாததில் எதைத் தள்ளுபடி செய்வது? இப்படியே விட்டால் மறுபடி ஒரு பெங்களூர் வரும். அழித்துவிட்டேன்.

மறுநாள் அந்தத் திரைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்துதான் சுத்தமாகப் பேச்சில்லை. அது எங்கே போயிற்று என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு முக்கியமானது என்றால் கேட்டிருக்க மாட்டாரா, டாக்டர்?