பதிமூணாவது வரிசை

– கதவத் திற! கதவத் திற, தெமியான்!

– திறந்துதான் இருக்கு!

– அப்ப ஜன்னல! கண்ணே தெரியல… நீ எங்க நிக்கற?

– அடுப்புக்கு முன்னால.

– இன்னும் அங்கயேவா? எரியற விறக வெளிய இழுய்யா!

– இப்பத்தான் பத்திக்கிச்சு, கிளாஷா. கொஞ்சம் பொறு. புது அடுப்பு, மொதல்ல புகையத்தான் செய்யும்.

– நேத்தும் இதயேதான் சொன்ன.

– நேத்து செங்கல்ல ஈரம்.

– முந்தாநாள்?

– எதிர்க்காத்து.

– இன்னிக்கு? சொல்லு ராசா. இன்னிக்கு யார் மேல பழியப் போடலாம்?

– இந்தா, எல்லாத்தையும் வாளியில அள்ளிட்டேன். போதுமா? வாசப்படிக்கு வா. மூச்சு விடு.

– மூச்சு விட்டு என்ன பண்ண? நாளைக்குப் பக்ரோவ் பண்டிகை. பனி எப்ப வேணா விழும். தெருவே வரப்போகுது, புது அடுப்புல சுட்ட முட்டைக்கோஸ் அப்பம் திங்க. எதுல சுடுவேன், மண்ணெண்ணெய் ஸ்டவ்லயா?

– தெருவ யார் கூப்பிடச் சொன்னா?

– கூப்பிட்டேன். புருஷன் பத்திரிகையில படத்தப் பாத்து, தன் கையால அடுப்பு கட்டியிருக்கான். கூப்பிட மாட்டேனா? என்ன, வாய் அடைச்சுப்போச்சு?

– புகை.

– புகைதான் பாவம்.

– எல்லாத்தையும் பாத்துட்டேன், கிளாஷா. புகைப்போக்கிய மூடற தகடு திறந்திருக்கு. அதுக்கு அடியில சாம்பல் வழிக்கிற சின்னக் கதவு வழியா சவரக் கண்ணாடிய விட்டு மேல பாத்தேன். நீல வானம் அப்படியே தெரியுது. ஒரு காக்கா கூட பறந்துது.

– காக்கா போகுது, புகை போகலியா?

– அதான் புரியல. படத்துல இருந்த மாதிரியேதான் கட்டினேன். முப்பத்தோரு வரிசை. ஒரு செங்கல் கூட மாத்தி வெக்கல.

– நீயா கட்டின?

– பின்ன?

– இல்ல, கேட்டேன். முப்பத்தோரு வரிசையும்?

– என்ன கேள்வி இது?

– உள்ள வா. புகை கலைஞ்சிருச்சு. அந்த ரசமட்டத்த எடுத்துக்கிட்டு வா.

– எதுக்கு இப்ப?

– வாய்யா. குனி. இது எத்தனாவது வரிசை?

– அஞ்சு.

– மட்டத்த வை. குமிழி எங்க நிக்குது?

– கொஞ்சம்… இடது பக்கமா.

– கொஞ்சமா? ஓடியே போயிருச்சு. இது ஒம்பதாவது. செங்கல் சந்துல என் சுண்டுவிரல் போகுது, பாரு. இது பன்னெண்டாவது. சம்பளத்தன்னிக்கு வீடு திரும்பற உன் அண்ணன் மாதிரி நிக்குது.

– எங்க அண்ணன எதுக்கு இழுக்கற?

– சரி, விட்டேன். பதிமூணாவது. வை. குமிழி எங்க?

– நடுவுல.

– பதினாலு?

– நடுவுல.

– இருபது? இருபத்தஞ்சு? ஏன் மூஞ்சியத் திருப்பற, வை. எல்லாம் நடுவுல. முப்பத்தொண்ணு வரைக்கும் பட்டாளம் நிக்கற மாதிரி நிக்குது. சந்துல கத்தி முனை கூட நுழையாது. பன்னெண்டுக்கும் பதிமூணுக்கும் நடுவுல ஒரே ஒரு ராத்திரி. அந்த ஒரு ராத்திரியில உனக்கு யார் கை முளைச்சுது?

– பழகிருச்சு. கை பழகினா வேலை தானா சுத்தமா வரும்.

– அப்படியா? இருபது வருஷமா டிராக்டர் ஓட்டற. இன்னும் என் வேலிய இடிக்காம திருப்பத் தெரியல.

– அது வேற…

– இங்க பாரு. பதினேழாவது வரிசை, மூலை. களிமண்ணு காயறதுக்கு முன்னால யாரோ கட்டைவிரல வெச்சு அழுத்தியிருக்காங்க. உன் விரல அதுல வை.

– விளையாடாத, கிளாஷா.

– வை… பாத்தியா, பாதி கூட போகல. என் விரல் போகுது. ஆனா நான் ஒரு செங்கல்லயும் தொடலியே? சரி, செர்ரி ஜாம் யார் தின்னா?

– என்ன ஜாம்?

– நான் விடியக்காலையில பால் கறக்கப் பண்ணைக்குப் போயிடறேன். மத்தியானம் வந்து பாத்தா ஜாம் பாட்டில் பாதியாயிருக்கு. மூணு நாள், தொடர்ந்து. நீ ஜாம தொட மாட்ட, பல்லு கூசும்னுவ.

– வேலை செஞ்சா பசிக்கும்.

– டம்ளர் ரெண்டு கழுவிக் கவுத்திருந்துது.

– ரெண்டு டீ குடிச்சேன்.

– ரெண்டு டம்ளர்லயா? நீ? கழுவியா? கல்யாணமாகி இத்தன வருஷத்துல நீ ஒரு ஸ்பூன் கழுவினதில்ல!

– சத்தம் போடாத. ஜன்னல் திறந்திருக்கு.

– அப்புறம் அந்தப் பாட்டு. மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது முணுமுணுக்கற, பூட்ஸ் கழட்டும்போது முணுமுணுக்கற. நம்ம கரையில யாரும் பாடற பாட்டு இல்ல அது. ஆத்துக்கு அந்தாண்ட பாடறது. நான் பேர் சொல்லட்டுமா, நீ சொல்றியா?

– என்ன பேரு?

– காதுல சிவப்புக் கல்லுத் தோடு போட்டுக்கிட்டுக் களிமண்ணு மிதிக்கறவ. புருஷன் போய் மூணு வருஷம். எந்த வீட்டுல அடுப்பு கட்டினாலும் அந்த வீட்டு ஆம்பளைங்கள்லாம் திடீர்னு சவரம் பண்ணிக்க ஆரம்பிச்சிடறானுங்க. நீ அந்த மூணு நாளும் சவரம் பண்ணின, தெமியான்.

– தாடியில களிமண்ணு ஒட்டுச்சு.

– பேரச் சொல்லு.

– அகூலினா.

– ஆங்.

– ஆமா, அகூலினா வந்தா. மூணு நாள். போதுமா?

– போதாது.

– பன்னெண்டாவது வரிசைல நான் மாட்டிக்கிட்டேன். பத்திரிகைக்காரன் அதுக்கு மேல புகை வளைஞ்சு போற வழிய கோடு கோடா போட்டிருக்கான், ஒண்ணும் விளங்கல. மூணு தடவ கட்டி மூணு தடவ பிரிச்சேன். படகு ஏறிப் போய் அவளக் கேட்டேன். அவ கட்டினா, நான் செங்கல் எடுத்துக் குடுத்தேன். அவ பாடினா. காதுல விழுந்த பாட்டு வாயில ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான்!

– அவ்வளவுதான்னா ஏன் மறைச்ச? கேக்கறேன் இல்ல? நான் அந்த அடுப்பு மேல இருக்கற மேடையிலதான் படுக்கணும், தெமியான். இன்னும் முப்பது குளிர்காலம். அவ தடவி வெச்ச செங்கல் என் முதுகுக்குச் சூடு குடுக்கும். அதுல நான் ரொட்டி சுடணும், உனக்குப் போடணும், நீ நல்லாருக்குன்னு சொல்லணும். எனக்குப் பத்திக்கிட்டு வருது. நீ சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள வந்த அந்த மூணு நாளும் எனக்குச் சோறு இறங்கல. தெரியுமா உனக்கு?

– நான் சிரிச்சேனா?

– சிரிச்ச. பல்லு தெரிய.

– அடுப்பு எழும்புதேன்னு சிரிச்சிருப்பேன்.

– அவ கைய தொட்டியா?

– செங்கல் குடுத்தேன்!

– செங்கல் குடுக்கும்போது?

– ரெண்டு பேர் கையிலயும் களிமண்ணு! என்னத்தத் தொடறது! எங்கம்மா சமாதி மேல சத்தியமா ஒண்ணும் இல்ல, கிளாஷா. அழறியா?

– புகை.

– இந்தா, துண்டு.

– குடு… ஏணிய எடு.

– ஏணியா?

– கூரை மேல ஏறு. ஒரு முழுச் செங்கல்ல எடுத்துக்கிட்டுப் போ. புகைப்போக்கி வாயில நேரா உள்ள போடு.

– எதுக்கு?

– உள்ள கண்ணாடி இருக்கு.

– …உனக்கு எப்படித் தெரியும்?

– வெச்சவளுக்குத் தெரியாதா?

– நீயா?!

– நான்தான்.

– நீ கூரை மேல ஏறினியா? அந்த முழங்காலோட?

– போன வாரம் நீ தகரம் வாங்கப் போனியே, அன்னிக்கு. மழை வேற. ரெண்டு தடவ வழுக்கிச்சு. கை எட்டற ஆழத்துல ஒரு செங்கல் ஒரு விரல் அளவு நீட்டிக்கிட்டிருக்கு. அதுல குறுக்க வெச்சு, ஓரமெல்லாம் களிமண்ணு பூசினேன்.

– அடிப்பாவி… மூணு நாளா புகையில வெந்து சாகறேன்!

– நான் மூணு வாரமா வேகறேன். ஏன், நான் என்ன புதுசா கண்டுபிடிச்சேனா? பேசினபடி நடந்துக்காத வீட்டுல அடுப்பு கட்டறவங்க இதத்தான பண்ணுவாங்க? கீழேருந்து பாத்தா வானம் தெரியும், புகை மட்டும் போகாது. பேசினது கைக்கு வந்ததும் மேல ஏறி ஒரு செங்கல்லப் போட்டு உடைச்சிடுவாங்க. எனக்கும் ஒண்ணு வர வேண்டியிருந்துது. ஒரே ஒரு நிஜம். இப்ப வந்துருச்சு. ஏறு.

– கண்ணாடி ஏது? ஜன்னல்லாம் முழுசாத்தான் இருக்கு.

– நம்ம கல்யாணப் படத்துக்குப் போட்டிருந்தது. எட்டு நாளா படம் கண்ணாடி இல்லாம தலைமாட்டுல தொங்குது. நீ பாக்கல.

– கிளாஷா…

– ஏறுன்னேன்.

– சரி, சரி. ஏணியப் புடிச்சுக்க.

– புடிச்சிருக்கேன். பாசி இருக்கு, பாத்து… போயிட்டியா? நான் உள்ள போறேன். அடுப்பு வாய்கிட்ட நிக்கறேன்.

– கேக்குதா?

– கேக்குது. ஜன்னல் திறந்துதான இருக்கு.

– உன் கண்ணாடி தெரியுது. நல்லாத்தான் பூசியிருக்க. மட்டமா நிக்குது.

– வழிசல் பேச்சு வேணாம். போடு.

– தள்ளி நில்லு. போடறேன்.

– …

– என்ன ஆச்சு?

– விழுந்துது. செங்கல் கீழ வந்துருச்சு. காத்து இழுக்குது, தெமியான்! என் தலைத்துணிய உள்ள இழுக்குது!

– இழுக்குதா? ஹா! நான் சொன்னேன்ல, நல்ல அடுப்புன்னு!

– தெமியான்.

– ம்?

– ரெண்டு தடவ உடைஞ்சுது.

– செங்கல் விழுந்த சத்தமா இருக்கும்.

– அது மூணாவது. அதுக்கு முன்னால ரெண்டு தடவ கண்ணாடி உடைஞ்சுது. ஒண்ணு மேல, உன்கிட்ட. இன்னொண்ணு கீழ, தகட்டுக்குப் பக்கத்துல. நான் வெச்சது ஒண்ணுதான். கேக்குதா?

– கேக்குது.

– இன்னொண்ணு யார் வெச்சது?

– அவதான். வேற யாரு.

– உனக்குத் தெரியுமா?

– நேத்துதான் சந்தேகம் வந்துது. நீ வெளிய போனா மெதுவா ஏறி உடைச்சிடலாம்னு பாத்தேன். நீ பண்டிகைக்கு லீவு போட்டுட்டு மூணு நாளா வாசலத் தாண்டல.

– என்ன தர்றேன்னு சொல்லி அவள ஏமாத்தின?

– கூலிய அன்னிக்கே குடுத்துட்டேன். அதுக்கில்ல…

– பின்ன எதுக்கு? வாய விட்டுச் சொல்லு. என்ன வாக்கு குடுத்த அவளுக்கு? தெரு பூரா கேட்டாலும் பரவால்ல, சொல்லு!

– மொத நாளே, கையில கொத்துக் கரண்டிய எடுக்கறதுக்கு முன்னாலயே சொல்லிட்டா. "வீட்டுக்காரிக்குத் தெரியாம எந்த வீட்டுலயும் நான் அடுப்பு கட்ட மாட்டேன். நான் கட்டினேன்னு மொத நெருப்பு வெக்கறதுக்குள்ள உன் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லிடணும்"னா. சொல்றேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன்.

– அகூலினாவா?

– ஆமா.

– அவளா சொன்னா?

– அவதான். கிளாஷா? இருக்கியா?

– இருக்கேன். அப்புறம் ஏன்யா சொல்லல?

– சொல்லத்தான் நினைச்சேன். மறுநாள் சாயங்காலமே. வேலைக்குப் போயிட்டு வர்ற வழியில பால் வண்டிக்காரன் நிறுத்தி, கையக் குலுக்கினான். "உன் பொண்டாட்டி இன்னிக்குப் பண்ணையே அதிர்ற மாதிரி சொல்றாப்பா, என் புருஷன் மாதிரி கை யாருக்கும் கிடையாது, தனியாளா அடுப்பு கட்டுறான்னு"ன்னான். நீ என்னப் பத்தி வெளிய நல்லதா ஒரு வார்த்த சொல்லி நான் கேட்டதே இல்ல, கிளாஷா. வீட்டுக்கு வந்தேன். வாய் வரைக்கும் வந்துது. அத நானே எப்படி இடிப்பேன்?

– இறங்கி வா. வழுக்கும், பாத்து… நான் அன்னிக்கு உன்ன மெச்சிச் சொல்லலய்யா. விடியக்காலையிலயே பதிமூணாவது வரிசையப் பாத்துட்டுத்தான் பண்ணைக்குப் போனேன். அகூலினாவோட தங்கச்சி எனக்கு அடுத்த மாட்டுகிட்ட உக்காந்து கறக்கறா. அவ காது வழியா அக்காகாரிக்குப் போய்ச் சேர்ந்து குத்தட்டும்னுதான் அவ்வளவு சத்தமாச் சொன்னேன்.