மிதக்காத காந்தமும் பேரியத்து மேல போட்ட பழியும்

தலைய நிமிருங்க இனோசே சான், போதும். நீங்க எவ்வளவு குனிஞ்சாலும் காந்தம் மிதக்கப்போறதில்ல! உங்க கம்பெனி பேரியம் கலப்படம்னு ப்ரொஃபசர் மினகுச்சிகிட்ட சொல்லியாச்சு. இனிமே ஒசாகாக்காரன்தான் சப்ளை. நான் என்ன பண்றது... அட, இது என்ன, சிவப்புப் பயறு இனிப்பா? எதுக்கு இதெல்லாம்? சரி, கொண்டுவந்துட்டீங்க, அந்த மேசை மேல வைங்க.

உக்காருங்க, டீ குடிங்க. என் வயித்தெரிச்சல யார்கிட்டப் போய்ச் சொல்ல? நாளைக்கு அமைச்சகத்துலருந்து ஆளுங்க வர்றாங்க. நாங்க சுட்டெடுக்கற வில்லை மேல திரவ நைட்ரஜன ஊத்தினா அது மின்தடையே இல்லாத கடத்தியா மாறணும், மேல வெச்ச காந்தம் அந்தரத்துல நிக்கணும். நிக்கலன்னா மினகுச்சி என்னை முதலாமாண்டுப் பசங்களுக்குச் சோதனைக்குழாய் கழுவக் கத்துக்குடுக்க அனுப்பிடுவாரு. உலகமே மிதக்கவிடுது சார்! எதிர்க் கட்டடத்துல கழிவறைத் தொட்டி ஆராய்ச்சி பண்றவன், அவன்கூட மிதக்கவிட்டுட்டான்! நம்மளுது? தொப்புன்னு உக்காருது, விருந்துக்கு வந்த மாப்பிள்ளையாட்டம்.

சமையல் என்னமோ சுலபம்தான். யிட்ரியம் ஒரு பங்கு, பேரியம் ரெண்டு, செம்பு மூணு. அரைச்சு, சுட்டு, மறுபடி அரைச்சு... என் கையப் பாருங்க, காப்புக் காச்சுப் போச்சு! பங்கு பிசகினா பச்சை தட்டும். நமக்குக் கன்னங்கரேல்னுதான் வருது... அதுக்காக உங்க பேரியம் சுத்தம்னு அர்த்தமில்ல! இப்ப எதுக்கு இருமறீங்க?

யிட்ரியம் இருக்கே, சும்மா நாற்காலியத் தேய்க்கிற ஆளு. அவன எடுத்துட்டு அவன் பங்காளி எவன வெச்சாலும் அநேகமா வேலை நடக்கும், எங்க டிபார்ட்மென்ட் தலைவர் மாதிரி. மெதுவா... சுவத்துக்கும் காது இருக்கு. ஆனா ஆக்சிஜன்! ஏழு பங்கு இருந்தா ராஜா. ஆறுக்கு எறங்கிட்டா, பாக்க அதே கருப்புதான், ஆனா வெறும் ஓட்டாஞ்சில்லு. அதான் சூளை ஆற ஆற, அந்தக் கருப்பு சிலிண்டர்லருந்து ஆக்சிஜன விட்டுக்கிட்டே இருக்கறோம். வில்லை சூட்டுல கக்கினத ஆறும்போது திரும்பக் குடிச்சுக்கும். மிச்சம், அந்தா, அந்தத் தண்ணி பாட்டில்ல பொளக் பொளக்னு குமிழியா வரும். காலையில சூளைய ஏத்தும்போதே திறந்துவிட்டுடுவேன். என் வேலையில குத்தம் சொல்ல முடியாது. போன மாசம் பெரிய நிலநடுக்கம் வந்துச்சுல்ல, அந்த வாரம் உங்க புது மூட்டை வந்துச்சு. அன்னிலருந்து ஒண்ணும் மிதக்கல. சனியன் எங்க இருக்குன்னு நீங்களே...

ஐயோ, ஆடுது ஆடுது! உக்காருங்க! டீயப் புடிங்க!... ம். நின்னுடுச்சு. இருங்க, வந்துடறேன்... கேஸ மூடியாச்சு. சிலிண்டரையும் மூடியாச்சு. எங்கம்மா வளர்ப்பு அப்படி! தரை ஆடினா மொதல்ல வால்வ மூடு, அப்புறம் புள்ளைங்களத் தேடுன்னுவாங்க. அந்தப் பெரிய ஆட்டத்துக்கப்புறம் இந்த ட்சுகுபா மண்ணு தினமும் ஆடுது, தினமும் நான்தான் ஓடிப்போய் மூடறேன். மத்தவனெல்லாம் மேசைக்கடியில! பொறுப்புன்னா என்னன்னு...

எங்க விட்டேன்? ஆங், உங்க பேரியம்... ஏன் அந்த பாட்டிலயே பாக்கறீங்க? தண்ணிதானே. அதுல குமிழி...

குமிழி வரல.

இப்பதான மூடினேன், அதனால... திரும்பத் திறந்துடுவேன். தினமும் மூடிட்டு, அப்புறம் தினமும்... யாரு திறக்கறது? நானா? ஐயையோ.

இதோ, இதோ திறந்துட்டேன்! பாருங்க, பொளக் பொளக்! நாளைக்கு ஜம்முனு மிதக்கும்! இனோசே சான், இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும், என்ன? நீங்க புதுசா ஒரு மூட்டை குடுத்தீங்க, அதுல சரியாப்போச்சுன்னு நானே சொல்லிடறேன். உங்க ஆர்டரும் போகாது, என் மானமும்... எதுக்கு எந்திரிக்கறீங்க? டீ அப்படியே இருக்கே! அந்த இனிப்ப ஏன் கையில எடுக்கறீங்க? இருங்க, வாசல் இந்தப் பக்கம்... இனோசே சான்! அது ப்ரொஃபசர் ரூமு!