வடக்கு ஜன்னல் வெளிச்சம்

மிச்சமாகும் பாகங்களை நான் எறிவதில்லை. பாகங்களை ஒட்டிக் கட்டும் மாதிரி விமானப் பெட்டி ஒன்று வாங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்கு பயன்படாமல் போகும். கூடுதல் சக்கரங்கள், வேறு ரகத்துக்கான மூக்கு, யாரும் ஒட்டாத குண்டுகள் இப்படி. அவற்றை பிஸ்கட் டப்பாக்களில் வகை பிரித்து வைத்திருக்கிறேன். சக்கரங்களுக்கு ஒன்று, விசிறிகளுக்கு ஒன்று, இருக்கைகளுக்கு ஒன்று. உங்கள் ஆட்கள் என் அறையைச் சோதனை போட்டபோது எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டிவிட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை. மறுபடி பிரித்து அடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நடந்ததை முதலிலிருந்து என் வார்த்தையிலேயே எழுதச் சொன்னீர்கள். மாலை வகுப்பில் ஜெர்மன் படிக்கிறேன். அங்கே தினமும் ஐந்து வரி நாட்குறிப்பு எழுதச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தால் நேரங்கள் எனக்குச் சரியாக நினைவிருக்கின்றன. எது முக்கியம், எது முக்கியமில்லை என்பதில்தான் எனக்கு எப்போதும் சந்தேகம். தேவையில்லாததை நீங்கள் அடித்துவிடலாம்.

எங்கள் ஓலோமோட்ஸ் நகரத்துக்கு வெளியே இருந்த சிறிய தொழிற்சாலை ஒன்று 1957-இல் ஒரே ஒரு விமானம் கட்டியது. அதற்கு நாரை என்று பெயர். பதினோரு முறை பறந்தது. பன்னிரண்டாவது முறை பீட்ரூட் வயலில் விழுந்தது. ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார், விமானம் பிழைக்கவில்லை. அதை எந்த நிறுவனமும் பெட்டியில் போட்டு விற்கவில்லை, விற்கப் போவதும் இல்லை. ஆகவே நானே கட்டினேன், எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில். இறக்கைகள் ஒரு பயிற்சி விமானப் பெட்டியிலிருந்து வந்தவை, நுனியை வெட்டி நீட்டினேன். உடம்பைப் பிளாஸ்டிக் தகட்டில் செய்தேன். சக்கரங்கள் என் டப்பாவிலிருந்து. விமானி அறையின் கண்ணாடிக்கு மரத்தில் அச்சு செதுக்கி, சூடாக்கிய தகட்டை அதன்மேல் இழுத்தேன். ஒன்பதாவது முறைதான் சரியாக வந்தது. மொத்தம் பதினான்கு மாதங்கள்.

நிறம் மட்டும் பாக்கி. நாரைக்கு இருப்பவை ஆறு புகைப்படங்கள், ஆறும் கறுப்பு வெள்ளை. எங்கள் மாதிரி விமானச் சங்கத்தில் பாதிப் பேர் வெளிர் சாம்பல் என்பார்கள், பாதிப் பேர் பாலாடை நிறம் என்பார்கள். இருபது வருடமாக இதற்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள்கூட உண்டு. நவம்பர் கடைசியில் எங்கள் போட்டி நடக்கும். மாதிரியின் பக்கத்தில் ஒரு கோப்பு வைக்க வேண்டும். ஒவ்வொரு அம்சத்துக்கும் அதில் ஆதாரம் இருக்க வேண்டும். ஆதாரம் இல்லாத நிறத்துக்குப் பாதி மதிப்பெண்தான்.

சங்கத்தில் ராடிமும் நாரைதான் கட்டிக்கொண்டிருந்தான். டிராம் பணிமனையில் பூட்டு, கீல் வேலை பார்ப்பவன், பெரிய குரல். சங்கத்துக்குள் நுழையும்போதே ஆரம்பிப்பான்.

“டேய் லுபோர், உன் நாரை இந்த வருஷமாவது முட்டை போடுமா? இல்ல, இன்னும் இறகுதான் ஒட்டிக்கிட்டிருக்கியா?”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. ஹனாகோவா அம்மாவைக் கண்டுபிடித்ததே அவன்தான். கண்டுபிடித்த அன்றே எனக்கும் சொன்னான். நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

ஹனாகோவா அம்மா நாரையை ஓட்டிய அந்த விமானியின் மகள். அறுபத்தாறு வயது. டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் தனியாக இருந்தார். கீழே மூடிக்கிடக்கும் கடை, மேலே காலி வீடு. ராடிம் சனிக்கிழமைகளில் அவருக்குக் கடைச் சாமான் வாங்கித் தருவான். நாரையின் இறக்கைத் துணியில் ஒரு துண்டு, இரண்டு உள்ளங்கை அளவு, அவரிடம் இருந்தது. விழுந்த அன்று அவருடைய அப்பா கிழித்து எடுத்து வந்தது. கறுப்புத் தாளில் சுற்றி, தகர டப்பாவில் போட்டு, அலமாரிக்கு மேலே வைத்திருந்தார். ஐம்பத்தொரு வருடமாக வெளிச்சம் படாத நிறம். எங்களைப் போன்றவர்களுக்கு அது என்ன என்பதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இருவரும் சனிக்கிழமை சேர்ந்து வாருங்கள் என்று சொல்லியிருந்தார். நான் நவம்பர் பதினொன்று, செவ்வாய்க்கிழமையே தனியாகப் போனேன். சனிக்கிழமை வானம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

அவர் கோபிக்கவில்லை. கசகசா வைத்த ரொட்டி கொடுத்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

“எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காந்து பாரு தம்பி. ஆனா துணி என் வாசலைத் தாண்டக் கூடாது. அப்பாவோட நோட்டை ஒருத்தர் பார்த்துட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனார். இன்னும் கொண்டுவந்துகிட்டே இருக்கார்.”

சத்தியம் செய்தேன். அவர் ஸ்டூலில் ஏறினார். மணி மூன்று முப்பத்தைந்து. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளவில்லை, என் கையில் நிற அட்டைகள் இருந்தன. அவர் டப்பாவை எடுத்துத் திரும்பும்போது விழுந்தார். டப்பாவை மட்டும் விடவில்லை, நெஞ்சோடு பிடித்திருந்தார். இடது கால் ஒரு மாதிரி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது.

முதலில் அவர் சிரித்தார். “அப்பா வானத்துலேர்ந்து விழுந்தார். நான் ஸ்டூல்லேர்ந்து விழறேன். எங்க வம்சம் இறங்கிக்கிட்டேதான் வருது.” பிறகு முகம் வெளுத்தது. போன் பண்ணச் சொன்னார்.

தொலைபேசி நடையில் இருந்தது. போய் எடுத்தேன். அதுவரை எனக்குள் எந்தச் சந்தேகமும் இல்லை. கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வரும். வீட்டைப் பூட்டுவார்கள். சாவி பிர்னோ நகரத்தில் இருக்கும் அவருடைய அக்காவிடம் போகும். இடுப்பெலும்பு என்றால் ஆறு வாரம், அதற்கு மேலும் ஆகும். போட்டிக்குப் பதினொரு நாள். வெளியே ஏற்கெனவே இருட்டத் தொடங்கியிருந்தது. நிறத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. விளக்கு எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். பகலில், வடக்கு ஜன்னலில், நேர் வெயில் படாமல் பார்க்க வேண்டும். இது என் பிடிவாதம் அல்ல, எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவருடைய சமையலறை ஜன்னல் வடக்கே பார்த்தது.

தொலைபேசியை வைத்துவிட்டேன். “சொல்லிட்டேன் அம்மா, வந்துகிட்டிருக்காங்க” என்றேன். சொல்லத்தான் போகிறேன் என்பதால் அப்போது அது எனக்குப் பொய்யாகப் படவில்லை.

துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நானும் அதை நினைக்காமல் இல்லை. ஆனால் அது திருட்டு. வாசலைத் தாண்டாது என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவரை நகர்த்தவில்லை. எலும்பு முறிந்தவரை நகர்த்தக் கூடாது என்று பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். தலையணை வைத்தேன், மெத்தைப் போர்வை போர்த்தினேன், கரண்டியால் தண்ணீர் கொடுத்தேன். தொலைபேசிக் கம்பியைக் கழற்றினேன். திடீரென்று மணி அடித்தால் எழுந்திருக்கப் பார்த்து இன்னும் அடிபட்டுக்கொள்வார். தனிமை தெரியாமல் இருக்க வானொலியைச் சற்றுச் சத்தமாக வைத்தேன். வாசலில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு ஐந்து இருபதுக்குக் கிளம்பினேன். வகுப்பை நான் தவறவிட்டதே இல்லை. அன்றைய பாடம் ஓட்டலில் அறை கேட்பது.

புதன்கிழமை, நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் காய்ச்சல் என்று விடுப்புச் சொல்லிவிட்டுக் காலை ஏழரைக்கு வந்தேன். பனிமூட்டம். எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. பதினொன்று இருபதுக்குத் துணியை ஜன்னலருகே விரித்து ஒரு கலவை செய்து பார்த்தேன், எல்லாமே நீலம் கலந்த மாதிரி இருந்தது. நிறத்துக்கு நம்ப முடியாத வெளிச்சம். காலையிலிருந்து அவர் இரண்டு முறை கத்தினார். வானொலியில் பித்தளை வாத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

“நீ போன் பண்ணவே இல்ல. இல்லையா தம்பி?”

“வெளிச்சம் வரட்டும் அம்மா. இன்னைக்கு ரொம்ப மூடியிருக்கு.”

அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகப் பேசினார்.

“வெனிலா சாஸ். அந்தக் கலர்தான். பதினஞ்சு வயசுல இந்தக் கண்ணால பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அம்மா பாலும் முட்டையும் சேர்த்து இளமஞ்சளாச் செய்வாங்களே, அந்த வெனிலா சாஸ். எழுதிக்கோ. எழுதிக்கிட்டு, போய் போன் பண்ணு.”

எழுதிக்கொண்டேன். ஆனால் நினைவை ஆதாரமாக ஏற்க மாட்டார்கள் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாக அவருக்கு விளக்கினேன். அதன்பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் பனி விலகியது. நல்ல வெளிச்சம். வெள்ளை முப்பது சொட்டு, காவி மூன்று, பழுப்பு ஒன்று. அட்டையில் தீட்டினேன். எனாமல் பெயிண்ட் ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் வேறு நிறம் காட்டும். காய ஆறு மணி நேரம் ஆகும். அதற்குள் வெளிச்சம் போய்விடும். ஆகவே வெள்ளிக்கிழமை வரை பொறுக்க வேண்டியிருந்தது. ரம் கலந்த தேநீரைக் கரண்டியில் நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்மேல் வருத்தம் இருந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஒன்பது நாற்பதுக்கு நிறம் பொருந்தியது. அட்டையின் விளிம்பைத் துணிமேல் வைத்தால் எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஒன்றேகால் மணிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். இப்போதுதான் வந்து பார்த்தேன் என்றேன். தனியாக இருக்கும் வயதானவர்கள் விழுவது உண்டு என்று அவரே சொன்னார். அடக்கத்தன்று ராடிம் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். “நீயாவது போய்ப் பார்த்தியேடா” என்றான்.

போட்டி இருபத்திரண்டாம் தேதி. ராடிம் தன் நாரையைக் கொண்டுவரவில்லை. என் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தான். ஒருவர் கோப்பை ஒருவர் புரட்டுவது எங்களிடம் வழக்கம், யாரும் தவறாக நினைப்பதில்லை. நிற அட்டைகள் எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தேன். சரியான நிறத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை நடுவர்கள் பார்க்க விரும்புவார்கள். நிறம் பார்த்த ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் தேதி, நேரம், ஜன்னலின் திசை, வானத்தின் நிலை எழுதுவேன். எழுதாத அட்டை அட்டையே இல்லை. ராடிம் முதல் அட்டையை நாடக வசனம்போல உரக்கப் படித்தான்.

“நவம்பர் பன்னிரண்டு, புதன், பதினொன்று இருபது. வடக்கு ஜன்னல். பனிமூட்டம், நம்ப முடியாது. மூலத் துணியோடு ஒப்பிட்டது.” இரண்டாவதைப் படிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. மூன்றாவதை வாய்விட்டுப் படிக்கவில்லை.

“துணியை வெளியே தர மாட்டாங்களே அந்த அம்மா” என்றான்.

நான் வெளியே எடுத்துப் போகவே இல்லை என்றேன். என்னைத் திருடன் என்று சந்தேகப்படுகிறான் என்றுதான் நினைத்தேன்.

“அப்போ புதன்கிழமை நீ எங்கடா உக்காந்திருந்தே?”

சுற்றி இருந்தவர்கள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ராடிம் மட்டும் அட்டைகளைக் கீழே வைக்காமல் நின்றான். அன்று மாலை அந்த அட்டைகளை உங்களிடம் கொண்டுவந்தது அவன்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது நாற்பதிலிருந்து ஒன்றேகால் வரை என்ன செய்தாய் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்தது மறைப்பதற்காக அல்ல. சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான்.

ஒன்பது நாற்பதுக்கு ஹனாகோவா அம்மா உயிரோடு இருந்தார். மூச்சு சிறியதாக, ஆனால் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கண்கள் என்மேல் இருந்தன. நான் எழுந்துபோய்த் தொலைபேசிக் கம்பியை மாட்டினேன். அதை நான் செய்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு துணியைத் திருப்பி டப்பாவில் வைக்கும்போது, அதன் ஓரம் உள்பக்கமாக மடிந்து ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். மெல்லப் பிரித்தேன். உள்ளே விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. ஆறு புகைப்படங்களிலும் அது தெரிவதில்லை. அப்படி ஒரு கோடு இருந்தது என்று இந்த நாட்டிலேயே யாருக்கும் தெரியாது.

வெளிச்சம் அப்போது மிக நன்றாக இருந்தது. சிவப்புக்கு எனாமலை எடுக்கவில்லை. இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும் வகை ஒன்று முதல் நாளிலிருந்தே என் பையில் இருந்தது. அவருக்காகத்தான் அதை எடுத்தேன், இனியும் காக்க வைக்கக் கூடாது என்று. முதல் கலவை சற்றுக் கருத்தது, இரண்டாவது வெளிறியது. பன்னிரண்டு பத்துக்கு அவருடைய மூச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன், கடிகாரத்தையும் பார்த்தேன். நான்காவது கலவை காய்ந்து கொண்டிருந்தது. ஒரு மணிக்கு ஐந்தாவது பொருந்தியது. ஆமாம், காப்பாற்றியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை முடிந்திருக்கும், வெள்ளிக்கிழமைகூட ஒருவேளை முடிந்திருக்கும். நான் செய்யவில்லை. அவர் இறந்தது என்னால்தான். இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு விரல் அகலக் கோடு எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் தலைமுடி கனம்தான் வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில், இறக்கையின் முழு நீளத்துக்கும் போட்டேன். மூன்று நடுவர்களும் குனிந்து பார்த்தார்கள். கோப்பில் அதன் அட்டைகள் இருந்தும் ஒருவர்கூட அந்தக் கோட்டைக் கவனிக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் தூக்கம் வருவதில்லை.