இரண்டு கெப்பாசிட்டர்கள்

—ஆப்பிள்லாம் வேணாம் இசக்கி, நீயே எடுத்துகினு போ. ஒரு கண்ணு போனதுக்கு குன்றத்தூரே பழம் வாங்கியாந்து கொட்டிகினு கீது.

—பழத்த விடுங்க கோதண்டண்ணே. ஊர்லருந்து பஸ்ல இறங்கி, ரூமுக்குக்கூடப் போகாம நேரா வாரேன். ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

—அதான் பையோட வந்துகீறியா? ஒக்காருபா. டெஸ்ட் என்ஜினீயரு என் வூட்டு வாசல்ல நின்னுகினு இருந்தா நல்லாவா கீது?

—ஒக்கார மாட்டேன். அன்னைக்கு டெஸ்ட் பெஞ்சுல வெடிச்சுதுல்லா, அது ஒங்க தப்பு இல்ல.

—என் தப்புதான்பா. மூஞ்சிக் கவசத்துல ஆவி புட்ச்சி ஒண்ணும் தெரிலன்னு கயட்டி வச்சேன். என்கொயரில கையெழுத்தும் போட்டு குட்த்துட்டேன்.

—கவசம் இல்லாததுனால கண்ணு போச்சு, சரி. வெடிச்சது எதனாலன்னு கேட்டீங்களா?

—கெப்பாசிட்டர் மட்டம்னாங்க.

—நல்ல சரக்குண்ணே. அந்த மூணு படி இன்வெர்ட்டர்ல மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு கெப்பாசிட்டர். எண்ணூறு வோல்ட்ட ரெண்டும் பாதிப் பாதியாத் தாங்கணும். எந்த சுவிட்ச் எப்பத் திறக்கணும்னு சொல்லுத புரோகிராம்லயே, அதச் சமமா வைக்கித பகுதியும் இருக்கு. அத நான் நிறுத்திட்டேன்.

—இன்னாத்துக்கு?

—மறுநாள் கஸ்டமர் வாராங்கன்னாங்க. அந்தப் பகுதி ஓடுனா அலையில சின்னதா நெளிவு விழும். அவங்களுக்குக் காட்டுத அலைப் படத்துல படி படியா அழகாத் தெரியட்டும்னு நிறுத்துனேன். படம் எடுத்ததும் திருப்பிப் போட்டுருக்கணும். மறந்துட்டேன். நீங்க வந்து லோடு ஏத்துனீங்க. நானூறு தாங்க வேண்டிய மேல உள்ளது ஐநூறத் தாண்டி வெடிச்சிருக்கும்.

—என்கொயரில என் பக்கத்துலதான ஒக்காந்துகினு இருந்த?

—வாய் வரலண்ணே. ஒங்களக் கேக்கக் கேக்க, தரையப் பாத்துட்டு இருந்தேன். அன்னைக்கே லீவு போட்டு ஊருக்கு ஓடிட்டேன். எட்டு நாளா சோறு இறங்கல. என்னமோ கோளாறுன்னு அம்மா தினம் திருநீறு பூசுதா.

அண்ணே, என்னைய ஏசுங்க. ரெண்டு அடியாவது அடிங்க.

—அட்ச்சா கண்ணு வந்துருமா? வந்து சொன்ன பாரு, அதுவே பெருசு. நாளிக்கு மேனேஜராண்டயும் சொல்லிரு. ஆமா, அந்தப் பகுதிய திரும்ப போட்டியா? புது மிஷினுக்கும் அதே புரோகிராம்தான ஏத்துவாங்கோ?

—போடலண்ணே. புரோகிராமத் தொட்டா நேரத்தோட எம்பேரு பதிவாயிரும். பயந்துட்டேன். பெஞ்சுக்குத்தான் சீல் வச்சிருக்காங்கல்லா, யாரும் கிட்ட போக மாட்டாங்கன்னு...

—சீல முந்தாநேத்தே பிரிச்சிட்டாங்க இசக்கி. என் கண்ணுக்கு பதிலா வூட்ல ஒருத்தருக்கு வேல குட்த்துகீறாங்க. எம்பொண்ணு இசைவாணி இன்னிக்கு காலைல மொத ஷிப்டுக்கு போய்கீது. இப்ப என் பெஞ்சாண்டதான் நின்னுகினு இருக்கும்.