ஒரே மடக்கில்

காலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் அண்ணி மோர் கலக்குவார். வேலாயுதம் அண்ணன் அதைக் குடித்துவிட்டுத்தான் தேவராஜ மார்க்கெட்டில் உள்ள தன் வாழைக்காய் மண்டிக்குப் போவார்.

அண்ணனுக்கு இதயத்தில் செயற்கை வால்வு. அதில் இரத்தம் உறையாமலிருக்க இரவில் ஒரு மாத்திரை. கொழுப்பும் அதிகம். நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. என் கையால் கொடுத்தால்தான் விழுங்குவார்.

கொழுப்புக்கு முதலில் கொடுத்த மாத்திரை, கல்லீரலில் அது உண்டாவதையே தடுக்கும் வகை. தொடையெல்லாம் வலித்ததால் டாக்டர் அதை நிறுத்தி, நான் விற்கும் பொடியை எழுதினார். பொடி இரத்தத்தில் கலக்காது. குடலிலேயே பித்தத்தைப் பற்றிக்கொண்டு வெளியேறும். புதிய பித்தம் செய்வதற்குக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்துக்கொள்ளும். கூட விழுங்கும் மாத்திரையையும் பொடி பற்றிக்கொண்டு போய்விடும். அதனால் இரண்டுக்கும் பல மணி நேர இடைவெளி வேண்டும். டாக்டர்களுக்குப் படம் காட்டி இதை விளக்குவது என் வேலை.

அது தொண்ணூற்றாறு. அஷ்வினி என்ற கன்னடப் பெண்ணைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னேன்.

"நான் உசுரோட இருக்கற வரைக்கும் அது நடக்காதுடா," என்றார் அண்ணன். கோபப்படாமல்தான் சொன்னார்.

அடுத்த வாரம் அவரே கேட்டார். "வேளாவேளைக்கு மருந்து முழுங்கறதுதான் எம் பொழப்பாடா? எல்லாத்தையும் ஒரே மடக்குல குடுத்துப்போடு."

இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றினேன். பொடியை மோரில் கலந்து, அதோடு மாத்திரையையும் கொடுத்தேன். என்ன ஆகும் என்று தெரிந்துதான் மாற்றினேன்.

"மோரா, ஆத்து மணலாடா இது?" என்பார். குடித்து முடித்ததும், "நீ இல்லாட்டி நானென்ன பண்ணுவேன்," என்பார். அப்போதெல்லாம் டம்ளரைக் கழுவுவதுபோல் திரும்பிக்கொள்வேன்.

மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையை, மண்டிக்கு லாரி வரும் நாள் என்று தள்ளிப்போட்டார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் போயிருப்பார்.

தசரா முடிந்து சில நாளில் மண்டித் தராசுக்குப் பக்கத்தில் விழுந்தவர் எழவேயில்லை. வால்வில் இரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள்.

மறு வருடம் பெண் வீட்டாரிடம் பேசி என் கல்யாணத்தை முடித்தது அண்ணிதான். அண்ணன் கேட்டதைத்தான் கொடுத்தேன் என்று மணவறையிலும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று அண்ணிக்கும் டாக்டர் அதே பொடியை எழுதினார். அண்ணி டப்பாவோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"இதோட வேற மாத்திரை சேரக்கூடாதுன்னு டாக்டருக்கே நீங்கதான் சொன்னீங்களாமா. ஏனுங் தம்பி, உங்கண்ணனுக்கு மட்டும் ஏன் ஒன்னாக் குடுத்தீங்க?"