சத்தியவேட்டுப் பார்ட்டி

— இன்னா மாமா இது, புள்ள சடைய வைக்கோல் பிரியில கட்டி வெச்சிருக்கே?

— ரிப்பன் கெடைக்கல, சந்திரா. அலமேலு சடை அவுந்து தொங்கிச்சு. என் கை தானா பிரி முறுக்கிடுச்சு.

— நாப்பத்தஞ்சு நாள் கழிச்சு ஊட்டுக்கு வர்றே. பெத்த பொண்ணுக்கு செய்யற மொத வேல, கத்தை கட்டறது.

— கெட்டியா இருக்குது பாரு. காத்தடிச்சாலும் பிரியாது.

— ஆட்டுக்குட்டி அவ பின்னாலயே சுத்துது. பாதி சடைய துன்னுடுச்சு.

— அத அவுத்து வுட்டுட்டு எனக்கு ஒரு வாய் சோறு போடு. நாளைக்கு பொழுதோட கெளம்பணும்.

— நாளைக்கா? வெள்ளிக்கெழம அலமேலுவுக்கு காது குத்து. எங்கம்மா ஊட்டுல, திருத்தணியாண்ட. சொல்லி அனுப்பினேனா இல்லியா?

— அனுப்பினே. அதையே யோசிச்சுக்கினுதான் வந்தேன். நான் வர முடியாது.

— ஏன்?

— சாமி குத்தமாயிடும்.

— எந்த சாமிக்கு?

— மலையில இருக்கறவருக்குத்தான். போன வருசம் நீதானே என்ன திருமலைக்கு இட்டுக்கினு போயி, கற்பூரத்த ஏத்தி, இனிமே வேற ஸ்டேட்டுல கால் வெக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கினே?

— ஆமா, வாங்கினேன். வைக்கோல் போர் போடறேன் போர் போடறேன்னு பொன்னேரி, சத்தியவேடுன்னு மெட்ராஸ் ஸ்டேட்டுக்குள்ள பூந்தே. பொங்கலுக்கும் வரல, கங்கம்மா ஜாத்திரைக்கும் வரல. வேற இன்னா பண்றது?

— அப்ப உங்கம்மா ஊரு ஆந்திராவுல இருந்துச்சு. இந்த மாசம் ஒண்ணாந்தேதி ஸ்டேட்டு எல்லைக் கோட்ட மாத்திட்டாங்க. திருத்தணி மெட்ராஸுக்குப் போயிடுச்சு. இப்ப உங்கம்மா வேற ஸ்டேட்டு.

— எங்கம்மா அதே ஊட்டுல அதே அடுப்பாண்டதான் குந்திக்கினு இருக்குது.

— குந்தறப்ப ஆந்திரா. எழுந்துக்கறப்ப மெட்ராஸ். நான் இன்னா பண்ணட்டும் சொல்லு.

— வேற ஸ்டேட்டுல வேலைக்குப் போகாதேன்னுதானே அதுக்கு அர்த்தம்?

— அர்த்தம் வேற, வார்த்த வேற. கான்ட்ராக்டு எடுக்க மாட்டேன்னு சொல்லட்டுமான்னு நான் அப்பவே கேட்டேன். நீதான், கான்ட்ராக்டுன்னா அதுக்கு வேற பேரு வெச்சுக்கினு ஓடிப்போவே, கால்னு சொல்லுன்னே.

— புத்தி கெட்டுப்போயி சொல்லிட்டேன். அப்ப அந்த சத்தியவேடு?

— அதுதான் அவுரு கருணைங்கறது. சத்தியவேடு நம்ம ஸ்டேட்டுக்கு வந்துடுச்சு. வெள்ளிக்கெழம காத்தால எனக்கு அங்கதான் வேல.

— எங்கம்மா ஊட்ட அந்தாண்ட தள்ளி, உன் களத்த இந்தாண்ட இழுத்து, கவர்மெண்டு உனக்குன்னே கோடு போட்டிருக்குது.

— நான் யாருக்கும் மனு குடுக்கல.

— சரி, கால்தானே வெக்கக்கூடாது? மாட்டு வண்டியில வா. கீழ எறங்காதே.

— வண்டியில நின்னுக்கினே காது குத்தறத பாக்கறதா? என்ன கல்யாண ஊர்வலமா?

— அப்ப எங்கண்ணன் உன்ன முதுகுல தூக்கிக்கினு வரட்டும்.

— உங்கண்ணன் என்னத் தூக்கிட்டா புள்ளய யாரு மடியில வெச்சுக்கறது? தாய்மாமன் மடியிலதானே குத்தணும்?

— எங்கண்ணனுக்கு ரெண்டு தொடை இருக்குது. ஒண்ணுல அவ, ஒண்ணுல நீ.

— எனக்கும் சேத்து குத்திடப் போறான், சந்திரா. தமாசு போதும். வேல குடுத்த பார்ட்டிக்கு மாட்ட இச்சேசானு.

— வாக்கு தெலுங்குல குடுத்தா கெட்டியா நிக்குமா?

— எந்த பாஷையில குடுத்தாலும் நிக்கும். பதினாலு வருசமா ஒரு பார்ட்டிய ஏமாத்தினதில்ல. புத்தலப்பட்டுலருந்து ஆள் அனுப்பி கூப்பிடறாங்க, ஏன்? நான் போட்ட போர்ல ஒரு சொட்டு மழ எறங்காது.

— உன் ஊட்டுக் கூரைய அண்ணாந்து பாரு. அலமேலு மேலதான் எறங்குது.

— சீசன் முடியட்டும், மாத்திடறேன்.

— உனக்கு எப்ப முடிஞ்சுது சீசன்? தையில சம்பா வைக்கோலு, சித்திரையில நவரை வைக்கோலு, நடுவுல மலைப்புல்லு. பேரு வெச்சப்ப நீ இல்ல. மொட்ட போட்டப்ப நீ இல்ல. மொட்ட அடிக்கறவரு புள்ளயோட அப்பன் யாரு, தண்ட்ரி எவரு, தண்ட்ரி எவருன்னு கேக்கறாரு. பக்கத்துல நின்ன கர்நூல்காரன் நான் இல்லீங்கன்னு சொல்லிட்டு அரை மொட்டையோட ஓடிப்போனான்.

— இந்த ஒரு பார்ட்டி மட்டும். இதுக்கப்பால உன் கூடவே இருக்கேன்.

— அப்பிடி இன்னா பெரிய பார்ட்டி?

— யாரோ ஒரு அம்மாவாம். நானும் பாக்கல, ஆள்கிட்ட சொல்லி அனுப்பிச்சு. ரெண்டு போர். என் ஆளுங்க யாரும் வாணாம், நான் மட்டும் தனியா வந்தா போதுமாம். கைராசி, சந்திரா. சத்தியவேடு வரைக்கும் தெரிஞ்சிருக்குது.

— ரெண்டு போருக்கு ஒத்த ஆளா?

— சின்னப் போரா இருக்கும்.

— மாமா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. போன வாரம் நம்ம தெருவுல வைக்கோல் வண்டி ஒண்ணு போச்சு. அலமேலு நைனா, நைனான்னு பின்னாலயே ஓடினா.

— ஓட்டினவன் என் சாடையில இருந்தானா?

— ஓட்டினவன அவ திரும்பிகூட பாக்கல. வைக்கோலக் கூப்பிட்டா.

— வைக்கோலயா?

— ஆமா. அதுல ஒரு கத்தை கீழ வுழுந்துச்சு. எடுத்தாந்து பாயில படுக்க வெச்சு போர்வைய போத்திட்டா. நைனா தூங்குது, சத்தம் போடாதேன்னு என்ன அதட்டறா.

— அந்தக் கத்தை எங்க இப்ப?

— மாடு துன்னுடுச்சு. அன்னிக்கெல்லாம் அவ சோறே துன்னல.

— போதும், நிறுத்து.

— இன்னா, கண்ண தொடைக்கறே?

— வைக்கோல் தூசு. இல்ல, தூசு இல்ல. அழுவறேன். பெத்தவன் உசுரோட இருக்கறப்ப ஒரு கத்தை என் எடத்துல படுத்துக்கினு இருந்திருக்குது. நான் வர்றேன், சந்திரா.

— எங்க?

— திருத்தணிக்குத்தான். ரெண்டு காலயும் நல்லா அழுத்தி வெக்கறேன். அதுக்கு தண்டமா மலைக்குப் போயி மொட்ட போட்டுக்கறேன், மீசையும் சேத்து. பதினாலு வருசத்துல மொதல் தடவையா ஒரு பார்ட்டிய ஏமாத்தறேன், ஏமாத்தினா ஏமாத்திட்டுப் போறேன். அந்தம்மா திட்டட்டும். என் ஆளு வரதராஜன சைக்கிள்ள அனுப்பி, ஆள் வரமாட்டான்னு சொல்லிடச் சொல்றேன். எங்க என் செருப்பு?

— அய்யய்யோ, அனுப்பாதே.

— ஏன்?

— செருப்ப வுடு மாமா. அந்தப் பார்ட்டிய மட்டும் ஏமாத்தாதே.

— இவ்ளோ நேரம் வா வான்னு உசுர வாங்கினது யாரு?

— புள்ளைக்காகன்னு கேட்டா வருவியா மாட்டியான்னு ஒருவாட்டி கேட்டுப் பாக்கணும்னு தோணிச்சு. நெசமாவே நீ வர்றேன்னு சொல்லுவேன்னு நான் இன்னா கனவா கண்டேன்?

— எனக்கு தல சுத்துது. வரணுமா, வரக்கூடாதா?

— கோடு மாத்தின அன்னிக்கே எனக்குத் தெரியும், திருத்தணிக்கு வராம இருக்க நீ இதையே புடிச்சுக்கினு தொங்குவேன்னு. அதான் காது குத்த எங்க சித்தி ஊட்டுக்கு மாத்திட்டேன். எங்கம்மாவும் எங்கண்ணனும் திங்கக்கெழமயே அங்க போயி பந்தல் போட்டுட்டாங்க.

— உங்க சித்தி ஊடு எங்க இருக்குது?

— கல்யாணத்தன்னிக்கு பந்தியில பாதியில எழுந்து பக்கத்துக் களத்துல போர் பாக்கப் போயிட்டே. உனக்கு எங்க தெரியப் போவுது? சத்தியவேட்டுலதான். வரலட்சுமின்னு பேரு. உனக்கு ஆள் அனுப்பினதே அதுதான்.

— அப்ப அந்த ரெண்டு போர்?

— அலமேலுவுக்கு எத்தினி காது, எண்ணிப் பாரு.