நெல் மூட்டைக்கு அடியில் ஒரு லேப்டாப்

செஞ்சி பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும்.

"வண்டியில பை இருக்கறது தெரியாம நைனா என் லேப்டாப் மேல நெல்லு மூட்டைய அடுக்கிட்டாருடா."

"ஐயோ! ஒடஞ்சிடுச்சா?"

"ஒரு கீறல் இல்ல. நெல்லு விக்கற கமிட்டியில மூட்டைய எறக்கனதும், மூட்ட மேலயே குந்திகினு அதே லேப்டாப்புல இன்டர்வியூ குடுத்தேன். அங்க கரண்ட் இல்ல. மூணு மணி நேரம் சார்ஜ் நின்னுச்சு."

"நான் சொன்ன கேமிங் லேப்டாப் வெல கம்மிக்கா. கலர் கலரா லைட்டு எரியும்."

"ஒரு மணி நேரம் எரியும். அப்புறம்?"

தம்பி பேச்சை மாற்றினான். "வேல இன்னாச்சு?" என்றான்.

"திங்கக்கெழம வந்து சேரச் சொல்லிட்டாங்க!" அது கண்டக்டருக்கே கேட்டிருக்கும். "மொத சம்பளத்துல உனக்கு அந்த லைட்டு எரியறதே வாங்கித் தரேன்."

"வேணாங்கா. மூட்ட தாங்கறதே வாங்கிக் குடு."